தலைமை எழுத்தர் நாற்காலியில் முதல் மாதம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பதினாறு வருடம் கோர்ட்டில் வேலை பார்த்தபின், சென்ற மாதம் தலைமை எழுத்தராகப் பதவி உயர்வு கிடைத்தது. ஒரு தாலுகா ஊரில், முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் சேர்ந்திருக்கிறேன். இங்குள்ள பெஞ்ச் கிளார்க் (விசாரணையின்போது நீதிபதிக்குக் கட்டு எடுத்து வைப்பவர்) என்னைவிட 12 வயது மூத்தவர். எனக்கு ஆரம்பத்தில் வேலை கற்றுக் கொடுத்தவரே அவர்தான். தீர்ப்பு நகல் கேட்கும் மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன, வக்கீல்கள் தினமும் சத்தம் போடுகிறார்கள். வழக்குகளில் கைப்பற்றிய பொருட்களை வைக்கும் பொருள் அறைக் கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நீதிபதி புதியவர், எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிடுகிறார். நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, அனுசரித்துப் போக வேண்டுமா? மதியச் சாப்பாட்டைக்கூட இனி எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடலாமா என்று குழப்பமாக இருக்கிறது. - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கண்டிப்பா, அனுசரிப்பா என்ற கேள்விக்கு ஒரு மாதம் வாய்தா போடுங்கள். எந்த வழக்குக் கட்டு எந்த மேஜையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதவரை, கண்டிப்பாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், அனுசரித்துப் போனால் முகத்துக்கு எதிரிலேயே கதை சொல்வார்கள். தெரிந்துவிட்டால் இரண்டுமே பெரிதாகத் தேவைப்படாது. கோர்ட் ஊழியர்களுக்குத் தலைவரான சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவத்தில் நம் ஆபீசில் அதிகாரம் என்பது குரலில் இல்லை. 'அந்தக் கட்டு டைப்பிஸ்டிடம் செவ்வாய்க்கிழமையிலிருந்து இருக்கிறது' என்று ரிஜிஸ்தரைப் பார்க்காமலே சொல்வதில் இருக்கிறது.

பயப்படும் இடத்திலிருந்தே தொடங்கலாம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் நல்லது. போட்டுவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டாகவும் இருக்கும் உங்கள் நீதிபதிதான்) ஒரு குறிப்பு எழுதி, பொருள் அறையைச் சரிபார்க்க அனுமதி வாங்குங்கள். பொருள் பதிவேட்டை எழுதுவது ஓர் இளநிலை உதவியாளராக இருக்கலாம். குறைவு என்று வந்தால் கேள்வி உங்கள் மேஜைக்குத்தான் வரும். நான் முதன்முதலில் பொறுப்பேற்ற ஒரு கோர்ட்டில் பதிவேட்டில் 48 பாட்டில் என்று இருந்தது, அறையில் இருந்தது 31. மீதி உடைந்ததா, ஆவியாகிப் போனதா, யார் வீட்டுக்குப் போனதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் துறை நடவடிக்கைக்கான 17(பி) குற்றக் குறிப்பாணை என் பேருக்கு வந்திருக்கும்.

தனியாக எண்ணாதீர்கள். ஊழியர் இருவரை உடன் வைத்துக்கொண்டு, கோர்ட் நேரம் முடிந்தபின் எண்ணுங்கள். பொருளோடு போலீசார் அனுப்பிய படிவம் 95, பதிவேட்டின் பி.ஆர். எண் (பொருளுக்குப் பதிவேட்டில் கொடுத்த எண்), பொருளில் கட்டியிருக்கும் சீட்டு, இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சீட்டைக் கரையான் தின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். நகை இருந்தால் உறையை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். அப்புறம், வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்த பொருட்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியிலேயே 'மேல்முறையீட்டுக் காலத்துக்குப் பின் அழிக்கவும்' என்று உத்தரவு இருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியல் ஒன்றே அறையில் நடக்க இடம் ஏற்படுத்தித் தரும்.

வழக்கு நடக்கும்போதே பொருளை விடுவிக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாகனங்களை ஆண்டுக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு நாள் கணக்கே வைத்திருக்கிறது. பொருள் வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அதோடு போட்டோ அல்லது வீடியோ, அதன்பின் 30 நாளில் என்ன செய்வது என்று உத்தரவு. இந்தக் கெடு நெருங்குகிறது என்று ஒரு சீட்டு எழுதி நடுவரின் மேஜைக்கு அனுப்புவது உங்கள் வேலை. வாய்வார்த்தையாகக் கேட்டு எதையும் அழிக்கவோ கொடுக்கவோ கூடாது.

இனி நகல் பிரிவு. என் கணக்கில் இதுதான் கோர்ட்டின் உண்மையான வாசல். தீர்ப்பை எழுதுவது நீதிபதி. அந்தத் தீர்ப்பால் ஒருவன் மேலே போக முடியுமா முடியாதா என்பதைப் பல சமயம் நகல் பிரிவுதான் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள். நகல் வாங்க ஆகும் நியாயமான காலத்தைக் காலவரையறைச் சட்டம் 12-ஆவது பிரிவு கழித்துக் கொடுக்கும். ஆனால் நகல் பிரிவு கட்டணம் கேட்டபின் கட்சிக்காரர் கட்டாமல் விடும் நாட்களுக்குக் கழிவு கிடையாது. நான் பார்த்த ஒரு வழக்கில் கட்சிக்காரர் ஒரு விவசாயி, தீர்ப்புக்குப் பின் 24 நாள் கழித்து நகல் மனு போட்டார். கட்டணம் கேட்ட தேதியைப் பதிவேட்டில் அன்றே எழுதிவிட்டார்கள். கட்டணம் கேட்ட மனுக்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவோ எட்டு நாள் ஆனது. ஒட்டிய மறுநாளே மனிதர் ஓடிவந்து கட்டினார். ஆனாலும் காகிதத்தில் 9 நாள் அவர் தாமதம். 24-ம் 9-ம் 33. நகல் கையில் வாங்கிய நிமிடத்திலேயே அப்பீல் கெடு தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவில் ஒரு மனு, அதற்கு எதிருரை, வாய்தாமேல் வாய்தா. ஒட்டாமல் விட்ட ஊழியருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

ஆகவே தினமும் மாலை கிளம்பும் முன் அறிவிப்புப் பலகையை நீங்களே போய்ப் பாருங்கள். அன்று கட்டணம் கேட்ட மனுக்களின் பட்டியல் அன்றே தொங்க வேண்டும். நகலின் பின்பக்க முத்திரையில் மனுப் போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், கொடுத்த நாள் எல்லாம் நடந்தபடி இருக்க வேண்டும். தேக்கத்தை வசதிக்காக முன்தேதியிட்டுச் சரிக்கட்டும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்துங்கள். நான் சொல்லும் ஒரே கண்டிப்பு இதுதான்.

தேங்கிய மனுக்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் நகல் பிரிவில் இருக்காது. டிக்ரி (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதும் ஆணை) வரைந்திருக்க மாட்டார்கள், அல்லது கட்டு வேறொரு மனுவுக்காக வேறு மேஜையில் கிடக்கும். தீர்ப்பு நாளிலிருந்து 15 நாளுக்குள் டிக்ரி வரைய வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 20, விதி 6-ஏ சொல்கிறது. தீர்ப்பு வந்த வழக்குகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, டிக்ரி ஆனதும் அடித்துவிட்டு வாருங்கள். அடிக்காத வரி எது என்று வெள்ளிக்கிழமை பார்த்தால் போதும்.

வக்கீல்கள் சத்தத்தில் பாதி ரிட்டர்ன், அதாவது குறை சொல்லி மனுவைத் திருப்புவது பற்றியதாகத்தான் இருக்கும். பிளெயிண்டை (வழக்கு தொடுக்கும் மனுவை) திருப்பும்போது எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுதுங்கள். இன்று கோர்ட் பீஸ், அடுத்த வாரம் சொத்து விவரம், அதற்கடுத்த வாரம் வக்காலத்து என்று தவணை முறையில் திருப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? வக்கீல் குமாஸ்தாக்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். எந்த மேஜையில் எது நிற்கிறது என்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

சரி, பெஞ்ச் கிளார்க். துறைத் தேர்வில் தேறாமலோ சீனியாரிட்டிச் சிக்கலிலோ அவர் பின்தங்கியிருக்கலாம், அதை நீங்கள் பேச வேண்டாம். தனியாக இருக்கும்போது அண்ணே என்றே கூப்பிடுங்கள், ஆபீசில் சார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அன்றைய வாய்தாத் தேதிகள் அன்று மாலைக்குள் கோர்ட்டின் கம்ப்யூட்டர் பதிவான சி.ஐ.எஸ்.-இல் ஏற வேண்டும். ஏ டைரியில் (அன்றாட வழக்கு நாட்குறிப்பில்) எழுதியாயிற்றே என்பார். அது நமக்குப் போதும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து, இ-கோர்ட்ஸ் செயலியில் தன் வழக்குக்கான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்க்கும் ஆளுக்குப் பழைய தேதிதான் தெரியும், அவர் பஸ் ஏறி வீணாக வந்து நிற்பார். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் கைவரவில்லை என்றால் அவரைத் திட்டாதீர்கள். அவர் டைரியைப் படிக்க, ஓர் இளையவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றட்டும். கூப்பிட்ட குரலுக்குக் கட்டு எடுத்து வைப்பதில் அவருக்கு இணை இருக்க மாட்டார். அதை நடுவர் முன்னால் ஒரு தடவை சொல்லுங்கள்.

புதிய நீதிபதி எல்லாவற்றுக்கும் கூப்பிடுவது நல்ல அறிகுறி. ஆனால் கெட்ட செய்தியைக் காலையில் பத்தரைக்கு அவர் பெஞ்ச் ஏறும் முன் சேம்பரிலேயே சொல்லிவிடுங்கள். கட்டு கிடைக்கவில்லை என்பதை வக்கீல் வாயிலாக அவர் திறந்த கோர்ட்டில் கேட்கக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, 'பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன் ஐயா' என்று நேரம் வாங்குங்கள், மதியம் கட்டாயம் போய்ச் சொல்லுங்கள். முதன்மை மாவட்ட நீதிபதியின் ஆண்டு ஆய்வு வரும்போது அபராத ரசீதுப் புத்தகமும் ரொக்கப் பதிவேடும் முதலில் கேட்கப்படும். அவற்றில் தினமும் நீங்களே கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், மாதக் கடைசியில் மொத்தமாக வேண்டாம்.

கடைசியாக, சாப்பாடு. தாராளமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள். டிபன் பாக்ஸோடு சீட்டுக்கு ஒதுங்கினால் ஆபீசில் என்ன பேச்சு ஓடுகிறது என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஆனால் வக்கீல் காரில் பஸ் ஸ்டாண்டு வரை என்றுகூட ஏறாதீர்கள், எவ்வளவு மழையாக இருந்தாலும் சரி. பொருள் அறைச் சாவியையும் சாப்பிடும் மேஜையில் வைக்காதீர்கள், இடுப்பிலேயே இருக்கட்டும்.