பசுமை ஐதரசன்: வன்னியின் கேள்விகளும் என் பதில்களும்

இலங்கைக்கான பசுமை ஐதரசன் திட்டம் எப்படி அமையவேண்டும் என்பதையொட்டி வன்னி உறவுகள் கேட்டவற்றுக்கு, இந்தத் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

வவுனியா, ஆசிரியை: தம்பி, ஐதரசனில் பசுமை என்ன, பசுமை இல்லாதது என்ன?

டீச்சர், ஆய்வுகூடத்தில் நீரை மின்பகுத்து, அதாவது மின்சாரத்தால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்து, பிள்ளைகளுக்குக் காட்டுவீர்களே, அதே வேலைதான். அதற்கான கரண்ட் காற்றிலோ வெயிலிலோ வந்தால் அது பசுமை. இன்று உலகில் பயன்படும் ஐதரசனில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருகிறது. இயற்கை வாயுவில் செய்தால் ஒரு கிலோ ஐதரசனுக்குக் குறைந்தது 9 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆனால் நுரைச்சோலை நிலக்கரிக் கரண்டில் மின்பகுத்தால் அது 50 கிலோ அளவுக்குப் போய்விடும். ஆகவே எந்தக் கரண்ட் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

பரந்தன்: அண்ணா, அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கேயும் மின்பகுப்புத்தான் நடந்தது என்பார். இரண்டும் ஒன்றா?

நெருங்கிய உறவு. ஆனையிறவு உப்பைக் கரைத்து அதற்குள் மின்சாரம் செலுத்தி கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அந்த இரசாயனத் தாக்கத்தில் ஐதரசனும் கூடவே பிரியும். ஒரு தொன் குளோரினுக்கு ஏறத்தாழ 28 கிலோ. இப்போது பேசுகிற திட்டத்தில் உப்பு இல்லை, குளோரின் இல்லை, தூய நீர் மட்டும். போர் அந்தத் தொழிற்சாலையை மூடாமல் இருந்திருந்தால், இந்தத் துறைக்கு வேண்டிய கைத்திறன் இன்று பரந்தனிலேயே இருந்திருக்கும். அப்பாவிடம் கேட்டு, தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள்.

கிளிநொச்சி, விவசாயி: இரணைமடுத் தண்ணீர் எங்களுக்கே போதாது. இதற்கும் குளத்தில் கை வைப்பார்களா?

ஐயா, இந்தப் பயம் நியாயமானது. ஒரு கிலோ ஐதரசனுக்கு வேதியியல் கணக்கில் 9 லீற்றர் நீர் போகும். சுத்திகரிப்பு, குளிரூட்டல் எல்லாம் சேர்த்தால் 20 முதல் 30 லீற்றர் என்று வையுங்கள். கடல்நீரை நன்னீராக்க 1000 லீற்றருக்கு 3 அல்லது 4 யூனிட் கரண்ட் போதும். அதாவது 30 லீற்றருக்கு ஒரு யூனிட்டில் பத்திலொரு பங்கு. ஒரு கிலோ ஐதரசனைப் பிரிக்கவோ 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அந்தச் செலவோடு பார்த்தால் கடல்நீரைச் சுத்திகரிக்கும் செலவு கணக்கிலேயே வராது. ஆகவே குளத்தையோ கிணற்றையோ கேட்க எந்த நிறுவனத்துக்கும் காரணம் கிடையாது. “குளத்து நீரும் நிலத்தடி நீரும் இல்லை, கடல்நீர் மட்டும்” என்ற ஒரு வரி தேசியத் திட்டத்திலேயே வரவேண்டும். தனித்தனி ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இன்னொன்று. நன்னீர் எடுத்தபின் மிஞ்சுகிற கடும் உப்புநீரை ஆழம் குறைந்த களப்பில் விட்டால் இறாலும் கடற்புல்லும் தாங்காது. அதை எங்கே விடுவார்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

முல்லைத்தீவு: இந்த ஐதரசனால் எங்களுக்கு என்ன பிரயோசனம்? கப்பலில் ஏற்றி அனுப்பத்தானே போகிறார்கள்?

என் விடை: முதலில் யூரியா. ஐதரசனைக் காற்றிலுள்ள நைதரசனோடு சேர்த்தால் அமோனியா, அமோனியாவோடு காபனீரொட்சைட்டைச் சேர்த்தால் யூரியா. ஓர் அந்தர் யூரியாவுக்கு, அதாவது 50 கிலோ பைக்கு, சுமார் 5 கிலோ ஐதரசன் தேவை. அதற்கு ஏறத்தாழ 260 யூனிட் கரண்ட். மன்னார் தம்பபவனி காற்றாலைகளின் கொள்ளளவு 103.5 மெகாவாற். அவை முழு வேகத்தில் ஒரு மணிநேரம் ஓடினால் கிட்டத்தட்ட 400 அந்தருக்கு வேண்டிய ஐதரசன் கிடைக்கும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வயலில் பயிர் மஞ்சளாகி நின்றதை வன்னியில் யாரும் மறக்கமாட்டார்கள். பசளைக்காக வெளிநாட்டைப் பெரும்பாலும் நம்பியிருக்கிற நாடு தன் ஐதரசனை முதலில் தன் வயலுக்குத்தான் திருப்பவேண்டும். விலை இன்னும் இடிக்கிறது, உண்மை. ஆனாலும் ஏற்றுமதியை முதல் இலக்காக வைக்கும் திட்டத்தை நான் ஆதரிக்கமாட்டேன். ஐதரசனில் சமைப்பது, ஓட்டோ ஓட்டுவது எல்லாம் வீண். கரண்டை நேரே அடுப்புக்கும் பற்றரிக்கும் கொடுத்தால் இழப்பு மிகக் குறைவு.

மன்னார்: மற்ற நாடுகளின் திட்டங்களில் என்ன இருக்கிறது? எங்களுடையதில் என்ன வேண்டும்?

யப்பான் 2017இலேயே எழுதிவிட்டது. ஜேர்மனி 2020இல், தன் தேவையின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கி, 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் தொன் என்று இலக்கு வைத்தது. ஒரு கிலோ ஐதரசனுக்கு 2 கிலோ காபனீரொட்சைட்டுக்கு மேல் போனால் அது பசுமை இல்லை என்று அதே ஆண்டு வரையறையும் கொடுத்தது. இலங்கையும் 2023இல் ஒரு தேசிய ஐதரசன் வழிவரைபடத்தை வெளியிட்டிருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? பகலில் கரண்ட் மிஞ்சுகிறது, இரவில் டீசலும் நிலக்கரியும் எரிகின்றன. முதலில் பற்றரியும் மின்கம்பி வலையமைப்பும் வரவேண்டும். அதன்பிறகுதான் ஐதரசனுக்கென்று தனிக் காற்றாலை.

அந்தக் காற்றாலைகள் வரப்போவது மன்னாருக்கும் பூநகரிக்கும்தான். அங்கே 484 மெகாவாற் அமைக்க இருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மன்னார்ச் சனம் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு இறங்கியது சும்மா இல்லை. மழைநீர் வழிந்தோட இடமில்லாமல் போகிறது என்பதும் வங்காலைச் சரணாலயத்துப் பறவைகளும் உண்மையான கவலைகள். எங்கே கோபுரம் வரக்கூடாது என்ற வரைபடத்தை ஊராரோடு இருந்து முதலில் வரையவேண்டும். விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் பிரதேச சபைக்கு ஒரு பங்கைச் சட்டமாக்கவேண்டும்.

மாங்குளம்: வெடிக்காதா?

கவனமில்லாவிட்டால் வெடிக்கும். காற்றில் 4 முதல் 75 வீதம் வரை கலந்தாலே தீப்பற்றும். சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. மிக இலேசானது என்பதால் திறந்த வெளியில் உடனே மேலே போய்விடும். மூடிய கூரைதான் ஆபத்து.

கிளிநொச்சி, உயர்தர மாணவி: அண்ணா, இதில் வேலை செய்ய என்ன படிக்கவேண்டும்?

தங்கச்சி, கணிதப் பிரிவு என்றால் அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இந்தத் துறையில் மின், இரசாயனம், இயந்திரவியல் எதைப் படித்தாலும் இடமுண்டு. பட்டம் மட்டும்தான் வழி என்றில்லை. இப்படியான ஆலையில் உயர் அழுத்தக் குழாய் ஒட்டுநர், கருவி திருத்துநர், நீர்ச் சுத்திகரிப்புத் தொழினுட்பவியலாளர் எல்லோருக்கும் வேலை இருக்கும். அந்தப் பயிற்சிகள் ஆலை வருவதற்கு முன்பே இங்கே தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார்கள். இதை உங்கள் பாடசாலை அதிபர் மூலம் மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். தொழினுட்ப விபரம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.