ஆட்டுக்கு விலை பேசுங்கள், துப்பாக்கிக்கு வழக்கறிஞரைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் துப்பாக்கி உரிமம், காட்டுப்பன்றி சுடும் உரிமம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் மூன்றும் உண்டு. குண்டடி பட்ட பன்றியைத் தேட வேட்டை நாயை ஏவியபோது, அது பக்கத்துத் துண்டு நிலத்துக்குள் பாய்ந்தது. அங்கே கட்டியிருந்த ஆடுகள் மிரண்டன. இரண்டு ஆடுகள் கயிற்றில் கழுத்து இறுகிச் செத்தன. நிலக்காரர் பாராங் கத்தியால் நாயின் பின்னங்காலை வெட்டினார். வாசகர் நாயைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு விரைய, துப்பாக்கியை மைத்துனர் மோட்டார் சைக்கிளில் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் மாலைதான் அது திரும்பி வந்தது. நிலக்காரர் ஆட்டுக்கு 3,000 ரிங்கிட் கேட்கிறார். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர், கோயில் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஏசினாராம். மைத்துனர் துப்பாக்கியோடு நிற்கும் படம் தம்மிடம் இருப்பதாகவும் சொல்கிறாராம். போலீசில் புகார் கொடுத்து நாய்க்கு நீதி பெறுவது எப்படி என்பது கேள்வி.

பதில்:

ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மைத்துனர் துப்பாக்கியைக் கொண்டுபோனது ஒரே வரி. நான் பேசப்போவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கோயில் கூட்டத்தில் நடந்தது உங்களைச் சுட்டிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த நீதிமன்றமும் அதைக் கேட்கப்போவதில்லை.

முதலில் நாய். விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நிலக்காரர் மீது அந்தக் குற்றச்சாட்டு எழ வாய்ப்பு உண்டு. தம் ஆடுகளைக் காக்கவே வெட்டினேன் என்பார். ஆடுகள் செத்துக் கிடந்தன. அவர் சொல்லுக்கு எடை இருக்கும். நாய் தானாக வழிதவறிப் போயிருந்தால் உங்கள் நிலை சற்றுத் தேவலை. நீங்களோ "கையைக் காட்டி ஏவினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேட்டைக்காக ஏவிவிட்ட நாய் அடுத்தவர் நிலத்தில் செய்த சேதத்துக்கு ஏவியவர் பொறுப்பேற்க நேரும். ஆட்டு விஷயத்தில் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியவர். இதை ஏற்றுக்கொண்டு மேலே படியுங்கள்.

இனித் துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1960 உரிமத்தை ஆளுக்குத் தருகிறது, வீட்டுக்கோ குடும்பத்துக்கோ தருவதில்லை. உரிமம் இல்லாதவர் கையிலோ காப்பிலோ கட்டுப்பாட்டிலோ துப்பாக்கி இருப்பதே குற்றம். தோட்டாவுக்கும் இதே விதி. உங்கள் கண்முன்னே ஒருவர் ஒரு நிமிடம் தாங்கிப் பிடித்திருந்தால் வாதாட ஏதாவது கிடைக்கும். ஓர் இரவு முழுதும் இன்னொரு வீட்டில் இருந்ததற்கு அப்படிப்பட்ட வாதம் கிடைப்பது கடினம். ஆயுதச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசுத் தரப்பு துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தைக் கையில் எடுத்தால் 14 ஆண்டு வரை சிறை. அத்துடன் குறைந்தது ஆறு பிரம்படி. எதன் கீழ் குற்றம் சாட்டுவது என்பதை முடிவு செய்வது அரசு வழக்கறிஞர். இதில் முதலில் மாட்டுபவர் உங்களுக்கு உதவ வந்த மைத்துனர். அடுத்து, உரிமதாரரான நீங்கள் துப்பாக்கியை ஏன் கைவிட்டீர்கள் என்ற கேள்வி வரும், உரிமமே பறிபோகலாம்.

1948 ஜூன் 16 அன்று தோட்ட துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது உங்கள் வட்டாரத்தில்தான். அதையொட்டி, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த அவசரகாலம் 1960-இல் முடிந்தது. ஆயுதச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதில் இந்த நாடு விட்டுக்கொடுப்பதே இல்லை.

இப்போது நீங்கள் கொடுக்க நினைக்கும் புகாரை யோசித்துப் பாருங்கள். நாய் வெட்டுப்பட்ட மாலையை விசாரிக்கும் அதிகாரி முதலில் கேட்பது: துப்பாக்கி எங்கே இருந்தது? மைத்துனரையும் சாட்சியாக அழைப்பார். என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடம் இதுதான். கோபத்தில் புகார் கொடுப்பார்கள். சமாதானமானதும் "புகாரைத் திரும்ப வாங்கிவிடலாம்" என்று வருவார்கள். கொடுத்த புகார் உங்கள் சொத்து அல்ல. விசாரிப்பது போலீஸ், வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பது அரசு வழக்கறிஞர் கையில். துப்பாக்கியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லலாமே என்று தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தருவது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம்.

ஆகவே ஆட்டு விவகாரத்தைப் பேசி முடியுங்கள். அவர் சிறு கோரிக்கை வழக்குப் போட்டால் வழக்கறிஞர் இல்லாமலே 5,000 ரிங்கிட் வரை கேட்கலாம். அங்கும் அந்த மாலை முழுதும் நீதிமன்றப் பதிவுக்கு வரும். சந்தை விலையை விசாரித்து, கோயில் தலைவரையோ இருவருக்கும் வேண்டிய பெரியவரையோ நடுவில் வைத்துப் பேசுங்கள். அவர் 3,000-இல் இறங்கி வராவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். நாயின் மருத்துவச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அது அநியாயமாகத் தோன்றும். தோன்றட்டும்.

ஆனால் ஒப்பந்தத் தாளில் எதை எழுதுகிறீர்கள் என்பதில் உயிரே இருக்கிறது. இரண்டு ஆடு, ஒரு நாய், கொடுத்த தொகை, இனி இவை குறித்து ஒருவர் மேல் ஒருவர் பணம் கோரமாட்டோம்: இவ்வளவுதான். "போலீசுக்குப் போகமாட்டேன்", "படத்தை யாருக்கும் காட்டமாட்டேன்" என்ற சொற்கள் தாளிலும் வேண்டாம், வாய்ப்பேச்சிலும் வேண்டாம். குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் தண்டனைச் சட்டத்தின் 213, 214 பிரிவுகளில் குற்றங்கள். ஆட்டுக்காகக் கொடுத்த நேர்மையான பணம் அந்த ஒரு வரியால் வாய்ப்பூட்டுப் பணமாகிவிடும். அவர் படத்தைக் காட்டி மேலும் பணம் கேட்டால் அது மிரட்டிப் பணம் பறித்தல். அப்போது அங்கேயே பேச்சை நிறுத்தி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அந்தப் படம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்துதான் போயிருக்க வேண்டும். பதறிப்போய் அழிக்கச் சொல்லாதீர்கள். சாட்சியத்தை அழிப்பதும் குற்றம். மைத்துனருக்கு இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று பாடம் எடுக்காதீர்கள். இருவர் வாக்குமூலமும் ஒரே அச்சில் வந்தால் விசாரணை அதிகாரி அதைத்தான் முதலில் கிளறுவார்.

ஆட்டுப் பேச்சுக்குப் போகும் முன்பே, இந்த வாரத்துக்குள், குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மைத்துனருக்கு வேறொருவர் வேண்டும். "அவர்தான் கொடுத்தார்" என்பது மைத்துனரின் வாதம். "நான் கொடுக்கவில்லை, அவரே எடுத்துப்போனார்" என்று உங்கள் தரப்பு மாறினால் ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் நிற்க முடியாது. அதற்குள் போலீஸ் வந்தால் துப்பாக்கியையும் உரிமத்தையும் காட்டுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் வாக்குமூலம் கேட்டால், உங்களைக் குற்றத்துக்கு உள்ளாக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை உண்டு. சொல்லும் பதில் உண்மையாக இருக்க வேண்டும். மைத்துனருக்கும் இதே உரிமை உண்டு என்பதை அவருடைய வழக்கறிஞர் அவரிடம் சொல்லட்டும்.