ட்ரைக்கோடேர்மா போட்டும் வெங்காயம் அழுகுது

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் நாலு பரப்புச் செம்பாட்டுத் தறையில் வைகாசியில் சின்ன வெங்காயம் நட்டேன். நாற்பது நாளாகிறது. தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்கிறது. பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது. மருந்துக் கடையில் நோய்ப் பங்கசை (பூஞ்சையை) அடக்கும் ட்ரைக்கோடேர்மாத் தூள் தந்து, பிரேசிலில் கொக்கோத் தோட்டங்களையே காப்பாற்றியது இதுதான் என்றார்கள். கெதியாகக் கேட்கும் என்று கார்பண்டசிம் என்ற இரசாயன மருந்தும் தந்தார்கள். இரண்டையும் ஒரே தாங்கியில் கலந்து அடித்தேன். பத்து நாளாகியும் மாற்றமில்லை. அளவைக் கூட்டுவதா, வேறு கொம்பனிச் சாமான் வாங்குவதா?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். காசு மிஞ்சட்டும்.

ஒரு வெங்காயத்தைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். அடித்தட்டு மண்ணிறமாகி, வேர் வரும் இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது பியுசேரியம் என்ற பங்கசால் வரும் அடியழுகல். மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றமும் சளியும் என்றால் பக்டீரியா. அது வேறு கதை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதுதான். விழுந்த பயிரை இனி எதுவும் எழுப்பாது. பிடுங்கி வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரியுங்கள். வாய்க்காலுக்குள் எறிந்தால் இறைக்கிற தண்ணீரே அடுத்த பாத்திக்குக் கொண்டுபோய்விடும். யூரியாவையும் இன்றோடு நிறுத்துங்கள்.

ட்ரைக்கோடேர்மாவும் ஒரு பங்கசுதான், ஆனால் நல்லது செய்யும் பங்கசு. கார்பண்டசிம் பங்கசைக் கொல்ல வந்தது. கோழிக்குஞ்சையும் கீரியையும் ஒரே கூட்டில் அடைத்து, இரண்டுக்கும் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார் கடைக்காரர். 2021-இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்த நேரம், ‘சேதனம்’ (இயற்கை உரம்) என்று லேபல் ஒட்டிய போத்தலெல்லாம் விற்கப்பட்டதைப் பார்த்தவன் நான். அந்த ருசி கடைக்காரருக்கு இன்னும் போகவில்லை. உற்பத்தித் திகதி இல்லாத பைக்கற்றையும், தகரக் கூரைக்குக் கீழே வெந்த பைக்கற்றையும் தொடாதீர்கள். உள்ளே செத்த தூள்தான் இருக்கும்.

கொக்கோக் கதை பொய்யில்லை, பாதிக் கதை. பிரேசிலின் பாகியாப் பகுதிக்கு 1989-இல் வந்து தோட்டங்களை அழித்தது, கிளைகள் விளக்குமாறுபோல் கொத்தாகத் தளிர்க்கும் ஒரு பங்கசு நோய். அதற்கு அங்கே பயன்படுத்தியது ட்ரைக்கோடேர்மா ஸ்ட்ரோமாற்றிக்கம் என்ற வேறு இனம். மர நிழலில், ஈரத்தில், காய்ந்து விழுந்த அந்த விளக்குமாறுகளைத் தின்று நோய்வித்தைக் குறைப்பது அதன் வேலை. அதற்கு அங்கே நிழலும் தீனும் இருந்தன. உங்கள் தறையில் வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஆட்டுக்குட்டி வாங்கினால் குழை வெட்டாமல் விடுவீர்களா? எங்கள் அப்பு காலத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்க்காமல் ஒரு தறையும் நட்டதில்லை. இன்று பல தோட்டங்களில் மண்வெட்டியால் கொத்தினால் ஒரு சக்கைத் துண்டுகூட வெளியே வராது. அந்த மண்ணில் எந்தக் கொம்பனியின் தூளும் நிற்காது. கோபம் வந்தாலும் பரவாயில்லை, எருவுக்குச் செலவழிக்க மனமில்லாதவர் ட்ரைக்கோடேர்மா வாங்கவே வேண்டாம்.

அடுத்த முறை 100 கிலோ நன்றாக மக்கிய மாட்டெருவில் ஒரு கிலோத் தூளைக் கலவுங்கள். பச்சைச் சாணம் கூடாது. சூடேறித் தூளையே அவித்துவிடும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. நிழலில் குவித்துக் கிடுகால் மூடி, நாலு நாளுக்கு ஒருக்கால் புரட்டி, இரண்டு கிழமை விடுங்கள். முதலில் வெள்ளை நூலாகப் படரும், பிறகு பச்சை பூக்கும். சில இனங்கள் கிளறும்போது தேங்காய்ப்பூ மணக்கும். அந்த மணத்துக்காகவே நான் குவியலைக் கிளறுவதுண்டு. நடுவதற்கு முன் ஒரு பின்னேரம் பரப்பிக் கொத்தி இறையுங்கள். கார்பண்டசிம் விழுந்த மண் என்றால் மூன்று கிழமையாவது போகட்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காமல் விட்டது: விதை வெங்காயம் எங்கே வாங்கினீர்கள்? சந்தையில் மலிவாகக் கிடைத்த குவியல் என்றால் நோய் அதற்குள்ளேயே வந்திருக்கும். நோயில்லாத தோட்டத்தில் எடுத்து, பிடிகட்டிக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டதைத் தேடுங்கள். நடும்போது அடித்தட்டை விரலால் அமுக்கி, மெதுவாக இருப்பதைக் கழியுங்கள். மிச்சத்தைக் கிலோவுக்கு 5 கிராம் தூளில் பிரட்டி நடலாம்.

ஆனால் இந்தத் தறையில் உடனே வெங்காயம் வேண்டாம். பியுசேரியத்தின் உறங்கும் வித்துகள் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். குரக்கன் போடுங்கள், இல்லாவிட்டால் சோளம். இந்த முறை தப்புகிற வெங்காயம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் விதைக்கு வைக்காமல் கறிக்கு விற்றுவிடுங்கள்.