வீட்டுக்காரருக்கு நிர்வாணம் வேண்டுமாம்!

கேள்வி: என் கணவர் ரிட்டயர் ஆன கையோடு இகத்புரிக்குப் போய்ப் பத்து நாள் விபாஸனா தியான முகாமில் இருந்துவிட்டு வந்தார். அதிலிருந்து விடிகாலை நாலு மணிக்கே பால்கனியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. கேட்டால், 'நிர்வாணம்தான் இலக்கு' என்கிறார். அப்படியென்றால் என்ன? எங்களை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– செம்பூர் வாசகி

பதில்: முதலில் பால்கனி விஷயத்தை முடித்துவிடுவோம், அம்மா. நாலு மணிக்கு எழுவதும் ராத்திரிச் சாப்பாட்டை விடுவதும் முகாமின் ஒழுங்கு. வீட்டுக்குப் போனதும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். ஆறு மணிக்கு உட்கார்ந்தாலும் கணக்கில் சேரும். ராத்திரி இரண்டு தோசையும் சாப்பிடலாம்.

வீட்டை விட்டுப் போகிற பயத்துக்கு வருகிறேன். இந்த முறையை இங்கே பரப்பிய எஸ்.என். கோயங்கா தொழில், மனைவி, பிள்ளைகள் என்று வாழ்ந்தவர். பர்மாவில் இருந்தபோது தீராத ஒற்றைத் தலைவலி. அதற்கு வழி தேடித்தான் 1955-இல் தியானத்துக்குப் போனார். இந்தியாவில் அவர் நடத்திய முதல் முகாம் 1969-இல், நம்ம மும்பையில். அவருடைய குரு ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல்! ஆபீசிலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். (ரயில்வே கணக்குப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு இதில் ஓர் அற்பப் பெருமை. எங்கள் ஆபீசில் மதியத்துக்கு மேல் கண்ணை மூடியவர்கள் வேறு காரணத்துக்காக மூடினார்கள்.) புத்தர் வீட்டை விட்டுப் போனார் என்பது உண்மைதான். ஆனால் அவர் போதனையைக் கேட்டு நடந்துகொண்டு குடும்பத்தோடு இருந்தவர்களும் ஏராளம்.

சரி, நிர்வாணம். காமம், வெகுளி, மயக்கம் என்று மூன்று தீ. அவை அடியோடு அணைந்துபோவதுதான் அது. வள்ளுவர் மெய்யுணர்தல் அதிகாரத்தை முடிப்பதும் இந்த மூன்றில்தான்: இவற்றின் பெயரே இல்லாமல் போனால் நோயும் போகும் என்கிறார். செத்த பிறகு போய்ச் சேரும் லோகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புத்தருக்கு அது வாய்த்தது 35 வயதில், புத்தகயாவில். அதற்கப்புறம் 45 வருஷம் ஊர் ஊராக நடந்தார், பிச்சை எடுத்துச் சாப்பிட்டார், பேசினார். பாவா என்ற ஊரில் மல்லர் குலத்தார் கட்டிய புது மண்டபத்தில் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தவர், 'முதுகு வலிக்கிறது, நீ சொல்லு' என்று சீடர் சாரிபுத்தரிடம் விட்டுவிட்டு, மேலாடையை நாலாக மடித்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். ஆக, முதுகுவலி அவரையும் விடவில்லை. வலிக்கிறதே என்ற புலம்பல்தான் இல்லை.

தியானம் செய்கிறவர்கள் இதை ஏன் தேடுகிறார்கள் என்பதற்கு மணிமேகலையிலேயே பதில் இருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு, துக்கம் எப்படி உண்டாகிறது என்று காட்டும் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியைச் சொல்கிறார். நுகர்விலிருந்து (அதாவது சுகம், வலி என்று உணர்வதிலிருந்து) வேட்கை, வேட்கையிலிருந்து பற்று, அங்கிருந்து பவம் (வினைச் சேர்க்கை), பிறப்பு, மூப்பு, சாவு என்று போகும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் உங்கள் வீட்டுக்காரர் கை வைக்கப் பார்க்கிறார். முகாமில் நாலாம் நாளிலிருந்து 'அதிட்டானம்' என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் கை, கால் அசைக்கக் கூடாது, கண் திறக்கக் கூடாது. இருபதாவது நிமிஷம் முழங்கால் கத்தும். காலை நீட்டிவிடத் துடிக்கும் அந்த இடம்தான் வேட்கை பிறக்கும் இடம். நீட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வலி கூடுகிறது, குறைகிறது, இடம் மாறுகிறது. வலி இருக்கிறது, ஆனால் மனசு அதன் பின்னால் ஓடவில்லை. அந்த ருசி கண்டவர்தான், இது முழுசாகவே நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று தேட ஆரம்பிக்கிறார். மறுபிறவியை நம்பாதவர்கள்கூட இதற்காகவே போகிறார்கள். எட்டே முக்கால் விரார் லோக்கலில் அடுத்தவர் முழங்கை விலாவில் இடிக்கும்போது இது எவ்வளவு உதவும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் போவாரா, மாட்டாரா என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ரிட்டயர் ஆன முதல் வருஷம் ஆண்களுக்குப் பொல்லாதது. மாலை டீ குடிக்கும்போது, 'எது உங்களை இப்படி வாட்டுது?' என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அப்புறம், உங்கள் கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் வருவதும் நாலு மணிக்குத்தான் என்றால், பிடித்து வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆசையை விடு என்கிறார்கள். நிர்வாணம் வேண்டும் என்பதே ஆசைதானே?
– கல்யாண் வாசகர்

பதில்: கோசாம்பி நகரில் புத்தரின் சீடர் ஆனந்தரை ஓர் அந்தணர் இப்படித்தான் மடக்கினார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: 'இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்ததல்லவா? வந்து சேர்ந்ததும் அது எங்கே?' அந்தணர் ஒப்புக்கொண்டார். நம் ரயில் பாதையிலேயே பாருங்கள்: கசாராவில் ரயிலின் பின்னால், தள்ளிவிடுவதற்கு பாங்கர் எஞ்சின் சேர்க்கிறார்கள். காட் என்கிற மலைப்பாதை ஏறி இகத்புரி வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். கழற்றத்தானே போகிறோம் என்று கசாராவிலேயே சேர்க்காமல் விட்டால் வண்டி மேலே ஏறாது.

கேள்வி: மும்பை கோராயில் இருக்கும் விபாஸனா பகோடாவுக்குப் போனால் தியானம் சொல்லித் தருவார்களா?
– முலுண்ட் வாசகி

பதில்: மூச்சைக் கவனிக்கும் ஆனாபானத்தைச் சிறிது நேரம் சொல்லித் தருகிறார்கள், கட்டணம் இல்லை. 8,000 பேர் உட்காரக்கூடிய, நடுவில் தூணே இல்லாத அந்தக் குவிமாடத்துக்குள் உட்கார்ந்து தியானம் செய்வது மட்டும் பத்து நாள் முகாம் முடித்தவர்களுக்கு. மற்றவர்கள் கண்ணாடி வழியே பார்க்கலாம். போரிவிலி பக்கத்திலிருந்து படகில் போவது சுலபம். மழைக்காலமாக இருந்தால் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.