கட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்குப் பக்கவாதமா?

பக்கவாதம் என்றால் தாத்தா பாட்டிக்கு வருவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அந்த நினைப்பாலேயே பல குழந்தைகளுக்குப் பொன்னான நேரம் போய்விடுகிறது. குழந்தை நரம்பியல் மருத்துவராக எனக்கு வரும் கேள்விகளில் சில:

என் பையனுக்கு 14 மாதம். முழங்கால் உயரக் கட்டிலிலிருந்து விழுந்தான். அழுதுவிட்டு விளையாடப் போனான். அரை மணி நேரத்தில் வலது கை துவண்டு, வாய் கோணிவிட்டது. பக்கவாதம் என்கிறார்கள். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். என்னால்தானே இது?

இல்லை அம்மா. நடை பழகும் வயதில் விழாத குழந்தை ஏது? சில குழந்தைகளுக்கு மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகளில் முன்பே கால்சியம் படிந்திருக்கும். மற்றக் குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாத ஒரு சின்ன விழுகை, இவர்களுக்கு அந்தத் தமனியை அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் வருவது இது. ஐதராபாத் உட்பட நம் நாட்டின் பல ஊர்களில் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாதித்த இடத்தை எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். கால்சியப் பொட்டுகள் சிடி ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். அதனால்தான் சில சமயம் இரண்டும் எடுக்கச் சொல்கிறோம். பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில், மாதங்களில் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். ஆனால் மறுபடி விழுந்தால் மறுபடி வரலாம். கொஞ்ச காலத்துக்குப் படுக்கையைத் தரையிலேயே போடுங்கள். இரும்புச்சத்து குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அந்த மருந்து ஆபத்தாகலாம்.

எட்டு மாதக் குழந்தை எதையும் இடது கையால்தான் எடுக்கிறாள். பீச்சாங்கைப் பழக்கம் என்கிறார் மாமியார்.

ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைக்கு இடக்கை, வலக்கைப் பழக்கம் வராது. இடது கையை மட்டும் நீட்டுகிறாள் என்றால், வலது கை வரவில்லை என்று பொருள். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியாகவே வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். வயிற்றிலிருக்கும்போதோ பிறந்த முதல் மாதத்திலோ வந்த பக்கவாதம் பல குழந்தைகளில் இப்படித்தான் தாமதமாக வெளியே தெரிகிறது. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதோ செய்ததோ காரணமில்லை. ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள். வளரும் மூளை பயிற்சிக்கு நன்றாக இசைந்து கொடுக்கும்.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. அவனுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்க முடியுமா?

முடியும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இந்த நோயில் அரிவாள் போல வளைந்துவிடும் ரத்த அணுக்கள் மூளைத் தமனிகளின் உட்சுவரைக் கெடுத்துக் குறுக்குகின்றன. குறுகிய குழாயில் ரத்தம் வேகமாக ஓடும். ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனை நெற்றிப் பொட்டில் வைத்து அந்த வேகத்தை அளந்துவிடலாம், ஊசி கிடையாது, வலி கிடையாது. 2 வயதிலிருந்து 16 வரை ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். வேகம் நொடிக்கு 200 செ.மீ.க்கு மேல் போனால் ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினால், முதல் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது என்று 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ரத்தம் ஏற்றுவது கடினமான இடங்களில் ஹைட்ராக்சியூரியா மாத்திரை உதவுகிறது. இவ்வளவு தெளிவாகத் தடுக்கக்கூடிய ஒன்று, மலையில் பிறந்த குழந்தைக்கு எட்டாமல் போகக்கூடாது. அடுத்த முறை போகும்போது இந்த ஸ்கேனை நீங்களே கேளுங்கள்.

ஏழு வயது மகள் தேம்பித் தேம்பி அழுதாலோ பலூன் ஊதினாலோ ஒரு கை பத்து நிமிஷம் விழுந்துவிடுகிறது. அப்புறம் சரியாகிவிடுகிறது. நடிக்கிறாளா?

நடிப்பே இல்லை. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைத் தமனிகள் சுருங்கும். ஏற்கெனவே குறுகிய தமனி என்றால் அந்தப் பகுதி தவித்துப்போகும். மோயாமோயா என்ற நோயில் நடப்பது இதுதான். ஆஞ்சியோகிராம் என்ற ரத்தக்குழாய்ப் படத்தில் மெல்லிய மாற்றுக் குழாய்கள் புகைப்படலம் போலத் தெரிவதால் ஜப்பானியர் வைத்த பெயர் அது. தலைத்தோலின் தமனியை மூளைக்குத் திருப்பும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். கை நிரந்தரமாக விழுவதற்கு முன்னால் செய்துகொள்ள வேண்டும்.

வாதத்துக்குப் புறா ரத்தம் தேய்க்கலாமா?

வேண்டாம். அடைப்பு இருப்பது மூளையில், தோலில் இல்லை. ஒரு பக்கம் திடீரென்று துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மட்டும் வலிப்பு வந்தாலோ, குழந்தை கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.