பெயர் கேட்காத படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் காட்சித் தொடர்பியல் மாணவன். எங்கள் நகரில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்பவர்களை எட்டு மாதமாகப் படமெடுத்து வருகிறேன். ‘பெயரற்றவர்கள்’ என்ற தலைப்பில் கண்காட்சி வைக்கப் போகிறேன். முகங்களை மறைக்க வேண்டுமா? கறுப்பு வெள்ளை பொருத்தமாக இருக்குமா? இது சுரண்டல் என்கிறார்களே நண்பர்கள், உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

எட்டு மாதம் ஒரே மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பதை உங்கள் கண் முடிவு செய்யட்டும். முகத்தை மறைப்பதைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், படம் வெளியானால் முதலில் வேலை போவது இறங்கியவருக்குத்தான்.

ஆனால் உங்கள் தலைப்பைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம் பழகியவர்களை எந்த வாயால் பெயரற்றவர்கள் என்கிறீர்கள்? பெற்றவர்கள் வைத்தது, ரேஷன் அட்டையில் இருப்பது, தெருவில் கூப்பிடுவது என்று அவர்களில் பலருக்கு மூன்று பெயர்கூட இருக்கும். நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது பழைய பழக்கம். தாது வருடப் பஞ்சத்தில், 1876–78இல், ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் படமெடுத்தார். நான் பார்த்த அந்தப் படங்களில் ஒருவர் பெயரும் இல்லை. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், டோரதியா லாங்கே என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஒரு தாயைப் படமெடுத்தார். அவர் பெயரையும் கதையையும் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதியிருக்கிறார். கேட்காததால் என்ன ஆயிற்று? சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்ட குடும்பம் என்ற குறிப்பு படத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்படி எதையும் விற்கவில்லை என்று அந்தக் குடும்பம் பின்னர் மறுத்தது. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண் என்பது 1978இலிருந்துதான் உலகுக்குத் தெரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள், உலகமே அறிந்த ஒரு முகம் தனக்கான பெயரில்லாமல் கிடந்தது. அந்தப் படத்தால் அரசு உணவு அனுப்பியது என்பார்கள். அனுப்பட்டும், பெயரைக் கேட்டிருந்தால் அந்த உணவு வராமல் போயிருக்குமா?

உங்களைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருபது வருடங்களுக்கு முன் நண்பரோடு வேதாரண்யம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் வெடித்த பாதங்களையும் முகத்தையும் அவர் படமெடுத்தார். “எப்பத் தம்பி படம் வரும்?” என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, அடுத்த மாதம் என்று சொன்னது நான்தான். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தார். மண்சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், புதிதாக அடித்த வெற்று ஆணி ஒன்று துருப்பிடித்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரமே படத்துக்குச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சேலையா உடுத்தியிருப்பேனே தம்பி” என்றார்.

தலைப்பை மாற்றுங்கள். கண்காட்சிக்கு முன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவரவர் படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். வேண்டாம் என்பவர்களின் படத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.