கொற்கையை விட்டுக் கடல் ஏன் விலகியது?

கேள்வி: கொற்கை பாண்டியர் துறைமுகம். இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க 6, 7 கிலோமீட்டர் போக வேண்டும். பனியுகத்துப் பனி உருகியதும் ஸ்வீடனில் நிலம் மேலே எழும்பியதாகப் படித்தேன். நம் கரையும் அப்படி எழும்பித்தான் கடல் விலகியதா? அப்படியானால் கடல்மட்டம் உயர்கிறது என்று நாம் ஏன் பயப்பட வேண்டும்?
– ஒரு வாசகர், ஏரல்

பதில்: கொற்கை எழும்பவில்லை, தூர்ந்துபோனது. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டதால்தான் உங்கள் கடைசி வரி வந்திருக்கிறது. அந்த வரி ஆபத்தானது.

ஸ்வீடன் கணக்கை முதலில் பார்ப்போம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவின் மேல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி கிடந்தது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் பனியின் அடர்த்தி 0.92. நிலத்துக்கு வெகு கீழே இருக்கும் கவசப் பாறையின் அடர்த்தி 3.3. 3,000 மீட்டரை 0.92-ஆல் பெருக்கி 3.3-ஆல் வகுத்தால் 800 மீட்டருக்குச் சற்று மேலே வரும். முழுப் பாரமும் இறங்கினால் நிலம் அவ்வளவு ஆழம் அமுங்கும். தூத்துக்குடியில் மூட்டைகளை இறக்க இறக்கத் தோணி மேலே வருவதும், பனி உருகியபின் நிலம் மேலே வருவதும் ஒரே மிதப்பு விதிதான். தோணி உடனே எழும்பிவிடும். நிலத்துக்கு அது முடியாது. பாரம் ஏறியபோது பக்கவாட்டில் ஒதுங்கிய கவசப் பாறை திரும்பி வந்து அடியை நிரப்ப வேண்டும். அது திடமான பாறை. மிகுந்த சூட்டில் இருப்பதால்தான் நகரவே முடிகிறது, அதுவும் மிக மெதுவாக. அங்கே பனி விலகிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகியும் வேலை இன்னும் முடியவில்லை.

போத்னியா வளைகுடாவில் ஹோகா குஸ்டன் என்ற கரை இருக்கிறது. அங்கே பழைய கடல் தொட்ட கோடு இன்று 286 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் நிற்கிறது. இப்போதும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவுக்கு நிலம் ஏறுகிறது. 1621-இல் அமைத்த லூலியோ நகரத்தை, துறைமுகத்தில் ஆழம் போதாமல் 1649-இலேயே கடலோரமாக மாற்றினார்கள். வெப்பமானிக்குப் பெயர் தந்த செல்சியஸ், 1731-இல் யேவ்லே ஊருக்கருகே ஒரு பாறையில் அன்றைய நீர்மட்டத்தைக் கோடாக வெட்டிவைத்தார். கடல்நாய்கள் ஏறிப் படுத்த பாறைகள் நீரைவிட்டு உயர்ந்து பயனற்றுப் போனதையும் சான்றாகக் காட்டினார். நீர் வற்றுகிறது என்பது அவர் கொண்ட முடிவு. பனியின் பாரமே காரணம் என்று ஸ்காட்லாந்தின் ஜேமீசன் சொன்னது 1865-இல்.

இனி நம் கரை. கடந்த பனியுகத்தில் தமிழ்நாட்டின் மேல் பனிப்பாளம் எதுவும் இல்லை. ஏறாத பாரம் எப்படி இறங்கும்? நிலம் எழும்பியிருந்தால் கரை முழுக்க எழும்பியிருக்க வேண்டும். திருச்செந்தூரிலும் மணப்பாட்டிலும் உவரியிலும் அலை இன்றும் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கடல் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போனது தாமிரபரணி முகத்தில் மட்டும். முதலில் கொற்கை, பிறகு மார்கோ போலோ குறிப்பிட்ட காயல் (இன்றைய பழையகாயல்), இப்போது புன்னைக்காயல் என்று துறை கடலைத் துரத்திக்கொண்டே கிழக்கே போயிருக்கிறது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் அதன் வேகம் செத்துவிடும். முதலில் மணல் படியும், அப்புறம் வண்டல். அலை அந்த மணலைக் கரையோரமாக இழுத்து முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகப் போடும். திட்டுக்குப் பின்னால் தேங்கும் காயல் ஐப்பசி, கார்த்திகை வெள்ளங்களில் மேடேறி, சதுப்பாகி, கடைசியில் வயலாகும். 2,000 ஆண்டில் 6 கிலோமீட்டர் என்றால் சராசரியாக ஆண்டுக்கு 3 மீட்டர். ஓர் ஆறு தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. இப்படித் தூர்ந்த நிலத்தைத் தோண்டினால் மேலே ஆற்று வண்டலும் அதற்கடியில் கடற்சிப்பியும் கிடைக்கும். எழும்பிய நிலத்திலோ, ஆறே இல்லாத மேட்டிலும் சிப்பி கிடக்கும்.

பனிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். உருகிய நீர் கடலை மறுபடி நிரப்பியது. பனியின் பாரத்தில் ஒதுங்கிய கவசப் பாறையால் பனிப்பாளங்களைச் சுற்றிப் புடைத்திருந்த கடலடி பின்னர் தாழ்ந்தபோது, அந்தப் பள்ளத்தை நிரப்ப வெப்பமண்டலக் கடல்களிலிருந்து நீர் அங்கே போனது. கடலடியும் புது நீரின் பாரத்தில் அமுங்கி, கரைகளைச் சற்றே மேலே நெம்பியது. ஆகவே சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட ஓரிரு மீட்டர் உயர்ந்திருந்த நம் பக்கத்துக் கடல், பிறகு இறங்கியது. ராமேஸ்வரத்தில் நீருக்கு மேலே தெரியும் பழைய பவளப்பாறை அந்தக் காலத்து அடையாளம். கொற்கையில் இது வண்டலுக்குத் துணை செய்திருக்கும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டுமா என்றால், ஆம். உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு 3, 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. ஸ்டாக்ஹோமில் நிலம் சுமார் 5 மில்லிமீட்டர் ஏறுவதால் அவர்களுக்கு அது உறைப்பதில்லை. நமக்கு அந்தத் தாங்கல் கிடையாது. கடலைத் தள்ளிவைத்த வண்டலில் ஒரு பங்கு இன்று பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்குள் தங்கிவிடுகிறது. ஆற்றுமணலை அள்ளியது வேறு.

உப்பு முதலில் ஏறுவது கிணற்றில். நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது. உப்புநீரின் அடர்த்தி 1.025. அதனால் கிணற்றைச் சுற்றி நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றால், அடியிலிருக்கும் உப்பு எல்லை ஏறத்தாழ 40 அடி மேலே வந்து நிற்கும். ஆத்தூர், முக்காணிப் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் பங்குனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை கிணற்றின் நீர்மட்டத்தையும் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகள்) அளவையும் குறித்துவையுங்கள். உப்பு ஏறுவது தெரிந்தால் போர்வெல்லை ஆழப்படுத்தாதீர்கள், அது உப்புக்கு அருகில் கொண்டுபோகும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு இறையுங்கள்.